சீசன் முடிவதற்குள் ஒரு முறை: பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, பெங்களூரு, புதுச்சேரி, கோவையிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் திருவண்ணாமலைக்கு வந்து போகும் நண்பர்களுக்கு,

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு உங்கள் வண்டிகள் செங்கம் சாலையில் தென்படத் தொடங்கிவிடும். எம்.ஜி., ட்ரையம்ப், எப்போதாவது ஒரு ஜாகுவார். ரமணாசிரமத்து வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஓரங்கட்டி, கூரையை மடக்கி, பின்னால் மலை தெரியும்படி படம் எடுத்துக்கொள்கிறீர்கள். சிலர் அதே வண்டியில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் ஒரு சுற்றுச் சுற்றுகிறீர்கள். சாப்பிடுகிறீர்கள். பொழுது சாய்வதற்குள், சென்னைக்காரர்களானால் செஞ்சி, திண்டிவனம் என்று பிடித்து, நாற்கரச் சாலையில் ஏறி, ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள்.

ரமண நகரில் குடியிருப்பவன், ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை இன்னும் ஓடுகிற நிலையில் வைத்திருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இதற்காக அந்த வண்டியை இவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டியதே இல்லை. படம் எடுக்க ஒரு டாக்சியில் வந்தாலும் மலை இதே மலைதான். நாற்கரச் சாலையில் லாரிக்கும் சொகுசுப் பேருந்துக்கும் நடுவில் 80-இல் பிடித்துக்கொண்டு வருவதை ஓட்டுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தச் சாலைகள் இந்த மலைக்குப் பின்னால், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. அங்கே உங்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் காலம். ரமணாசிரமத்தைச் சுற்றிப் பிழைக்கிற ஆட்டோக்காரர், வீடு வாடகைக்கு விடுபவர், காபிக் கடை வைத்திருப்பவர் எல்லாருக்கும் சீசன் என்றால் ஒன்றுதான். நவம்பரில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவதில் தொடங்கி, மார்ச்சில் வெயில் அவர்களை விரட்டுவதோடு முடிகிறது. நீங்களும் அந்தச் சீசனின் முன்பாதியில்தான் வருகிறீர்கள். நான் அதன் வால்பகுதியைச் சொல்கிறேன்: மாசி.

கார்த்திகையில் வராதீர்கள். தீபத்துக்கு ஊருக்குள் வண்டி நுழைய முடியாது என்பது ஒரு பக்கம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் எந்தச் சாலை இருக்கும், எது இருக்காது என்று இங்கே யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. திறந்து சில மாதங்களே ஆகியிருந்த அகரம் பள்ளிப்பட்டுப் பாலம் அந்த வெள்ளத்தோடு போனது. அதே மழையில்தான் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வந்து எங்கள் ஊர் வ.உ.சி. நகரில் 7 பேரைக் கொண்டுபோனது. அந்த மாதத்தில் ஆசைக்கு வண்டி ஓட்டும் மனநிலை இங்கே யாருக்கும் இருக்கவில்லை.

மார்கழி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜவ்வாது மலையில் விடிந்து வெகுநேரம் வரை மூட்டம் கலையாது. டைனமோ காலத்து விளக்கை நம்பி அதற்குள் போவது புத்திசாலித்தனமில்லை. தை பொங்கல் கூட்டத்தில் போய்விடும். பங்குனி பிறந்துவிட்டால் ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கும். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. இடையில் மிஞ்சுவது மாசி. விடியற்காலையில் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு வேண்டியிருக்கும், பத்து மணிக்குத் தலையில் ஒரு தொப்பி வேண்டியிருக்கும். சம்பா அறுப்பு முடிந்து வயல் வெறிச்சென்று கிடப்பதால் வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது முன்கூட்டியே தெரியும். சாலையோரத்தில் புளி உலுக்கிக்கொண்டிருப்பார்கள். மலையடிவாரத்தில் இலவமரம் ஓர் இலைகூட இல்லாமல் செக்கச்செவேலென்று நிற்கும், புரசு பூத்திருக்கும், மாந்தோப்புகளைக் கடக்கும்போது பூவின் வாசனை வண்டிக்குள் வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு இந்த வாசனை கிடையாது. கூரை இல்லாத வண்டிக்காக நீங்கள் கொடுத்த காசெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான்.

என் ஹெரால்டை நான் ஸ்போர்ட்ஸ் கார்க் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் கொஞ்சம் வரலாறும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சென்னையிலிருந்து வரும்போது ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையில் ஐ.டி. கட்டடங்களைத் தாண்டுகிறீர்களே, அந்தப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. அம்பாசடர் கல்கத்தா வண்டி, ஃபியட் பம்பாய் வண்டி என்றால், ஹெரால்டு மதராஸ் வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது, 1961-இல் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக இறங்கியது. 948 சி.சி. எஞ்சின். உருவத்தை வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதே ஹெரால்டின் சேசிஸை வெட்டிக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியைக் கொண்டு மேல்கூடு வரையவைத்து, 1962-இல் ட்ரையம்ப் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர். நீங்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் தூக்குங்கள். மட்கார்டு, விளக்கு எல்லாமாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். பெருங்களத்தூரில் செய்த என் வண்டியும் அப்படியே திறக்கும். பங்காளி முறைதான்.

இந்த வண்டிகளின் சுகம் வேகத்தில் இல்லை என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். உட்காருமிடம் தரையோடு தரையாக இருப்பதால் 60 கிலோமீட்டர் வேகமே 100 போலத் தோன்றும். ஸ்டியரிங்கில் சாலையின் ஒவ்வொரு ஜல்லியும் கைக்கு வரும். மூன்றாவது கியருக்கும் நான்காவதுக்கும் இடையில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, 40-க்கும் 60-க்கும் இடையில் வளைந்து வளைந்து போகும் சாலை அமைந்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வேகம்தான் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் தமிழ்நாட்டில் இடம் உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தளம் இருக்கிறது. காலால் முடிந்த மட்டும் அங்கே மிதியுங்கள். செங்கம் சாலை அதற்கான இடமில்லை.

கிரிவலப் பாதை அதற்கும் கூடாது, எதற்கும் கூடாது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பௌர்ணமி அன்று லட்சக்கணக்கில் நடக்கிறார்கள், வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அது உங்களுக்குத் தெரியும், அன்று நீங்கள் வருவதுமில்லை. ஆனால் மற்ற நாட்களில் பாதை காலியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கும் யாராவது வெறுங்காலோடு, சாலையின் இடது ஓரமாக, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள். எமலிங்கத்துக்கும் நிருதிலிங்கத்துக்கும் இடையில் ஒரு மூதாட்டி தடியூன்றி நடக்கும்போது, பின்னால் சைலன்சரைத் திருத்தி வைத்த நான்கு வண்டி வரிசையாக உறுமிக்கொண்டு போனால் அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்? காரில் கிரிவலம் வந்தால் புண்ணியம் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. முடியாதவர்கள் ஆட்டோவில் வரட்டும், வயதானவர்கள் வேனில் வரட்டும். இரண்டு கால் நன்றாக இருக்கும் நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். நான்கைந்து மணி நேரம்தான். முதல் நாள் மாலை நடந்து முடித்து, இரவு இங்கே தங்கி, மறுநாள் விடியுமுன் வண்டியை எடுங்கள். என் கோரிக்கையின் முதல் பாதி இதுதான்.

1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊரில் வந்து இறங்கி, 1950 ஏப்ரல் 14 வரை இதை விட்டு எங்கும் போகாத ரமணரின் வாசலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஊர்சுற்றுவதைப் பற்றி நான் எழுதுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அவரும் 1926 வரை இந்த மலையைச் சுற்றி நடந்தவர். அவரைப் பார்க்கக் காரில் வந்தவர்களும் உண்டு. 1938-இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் மதராஸிலிருந்து காரில் வந்தார். மாட்டுவண்டிச் சக்கரம் தடம் பதித்த புழுதிச் சாலையில் குலுங்கிக்கொண்டு வந்ததை அவர் பிறகு எழுதி வைத்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்ததையும்தான். மயக்கத்துக்குச் சாலை காரணமா என்று அவர் சொல்லவில்லை.

இனி இரண்டாம் பாதி, மறுநாள் காலை. ஐந்தரை மணிக்கு ரமண நகரிலிருந்து கிளம்பினால் போளூர் வரை வேலூர் நெடுஞ்சாலை. அந்த 35 கிலோமீட்டர் போலச் சாலையில் பேச ஒன்றுமில்லை, எஞ்சின் சூடேற உதவும். இடது கைப்பக்கம், கலசபாக்கத்துக்கு அப்பால், பர்வதமலை கருப்பாகத் தெரியும். போளூரில் நெடுஞ்சாலையை விட்டு இடதுபுறம் திரும்பி அத்திமூர் வழியாக ஜவ்வாது மலையேறினால், அங்கேதான் நீங்கள் தேடிய சாலை தொடங்குகிறது. இருபக்கமும் காடு, எதிரே எப்போதாவது ஒரு பேருந்து, ஒரு பைக்கில் மூன்று பேர். ஜமுனாமரத்தூரில் டீ குடியுங்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் இது. சாமையும் தேனும் புளியும் வாங்கிக்கொள்ளலாம், பேரம் பேசாமல் வாங்குங்கள். நேரமிருந்தால் ஆலங்காயம் சாலையில் காவலூர் வரை போய்வரலாம். அங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. இரவு வெளிச்சம் இல்லாத மலை என்பதால்தான் அதை அங்கே வைத்தார்கள். அந்தச் சாலையில் தேவையில்லாமல் ஹெட்லைட்டை ஹையில் போடாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, பகலில்தானே போகப் போகிறீர்கள்.

திரும்பும்போது போன வழியே வராமல், பரமனந்தல் பக்கமாக இறங்கி, குப்பநத்தம் அணைப் பக்கம் தொட்டு, செங்கம் வாருங்கள். செங்கத்திலிருந்து நேர்கோடு போட்ட மாதிரி வரும் சாலை ரமணாசிரமத்து வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். அந்தச் சாலையில் ஏதோ ஓரிடத்தில் மலை முழுசாக எதிரே எழும். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

இந்தச் சுற்றைப் பற்றி நான்தான் முதலில் எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இருக்கிறதே, 583 அடி, அது இந்தப் பக்கத்துச் சாலைக்கு எழுதிய வழிகாட்டிதான். செங்கண்மா என்ற செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் வாங்கி வந்த ஒரு கூத்தர் கூட்டம், வழியில் பார்க்கிற இன்னொரு கூட்டத்துக்கு, எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறது. அதில் வரும் நவிரமலைதான் இன்றைய பர்வதமலை, சேயாறுதான் செய்யாறு என்கிறார்கள். பெருங்கௌசிகனாரின் இந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது அரசனின் புகழைவிட அந்த எச்சரிக்கைகள்: எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தக் குழியில் பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர் கவண்கல் எங்கிருந்து வரும், எந்தப் பாறை வழுக்கும் என்று ஒவ்வொன்றாக. போகாதே என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை, பார்த்துப் போ என்றுதான் சொல்கிறது. ஈராயிரம் ஆண்டு கழித்து எச்சரிக்கைகள் மாறியிருக்கின்றன. அவற்றை நான் சொல்கிறேன்.

முதல் ஆபத்து சாலையில் பரப்பும் கதிர். தையிலும் மாசியிலும் கிராமத்துச் சாலைகளில் கொள்ளு, உளுந்து, கேழ்வரகுக் கதிர் எல்லாவற்றையும் தாரின் மேல் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறி மிதித்தால் மணி உதிரும், களத்துக்குப் போகும் கூலி மிச்சம். டிராக்டரும் பேருந்தும் மேலே போய்விடும். தரையோடு ஒட்டிப் போகும் நம் வண்டியின் அடியில் அந்தத் தட்டை போய் புரொப்பல்லர் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சரில் பட்டுப் புகையும், பிறகு பற்றிக்கொள்ளும். பழைய வண்டி பற்றினால் எரிந்து முடியும் வரை பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. இறங்கி, அந்த வீட்டுக்காரரிடம் ஒரு ஓரம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போட்ட இடத்தில் யார் வந்தாலும் ஒரு பிடி அள்ளித் தந்துதான் அனுப்புவார்கள். கோபித்துக்கொண்டு ஹாரன் அடித்தால் அந்தப் பிடியும் போய்விடும், வழியும் கிடைக்காது. சீட்டுக்கு அடியில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

இரண்டாவது, கரும்பு டிராக்டர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் பாரம் தண்டராம்பட்டு, வாணாபுரம் சாலைகளில் மாசியில் உச்சத்தில் இருக்கும். டிரெய்லருக்குப் பின்னால் விளக்கு இருக்காது, இருந்தாலும் கரும்புத் தோகை மூடியிருக்கும். சாத்தனூர் அணைக்குப் போக ஆசைப்படுபவர்கள் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள். 1958-இல் கட்டி முடித்த அணை அது, முழு நீர்மட்டம் 119 அடி. மாசியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தாலும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது உங்கள் வண்டியே. ஹெரால்டு, ஆரம்பகால ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் பின்பக்க அமைப்பு ஒன்று: குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், நடுவில் டிஃபரன்ஷியல், இருபுறமும் தனித்தனியாக ஆடும் அரை ஆக்ஸில். நேர்சாலையில் இதைப் போல வசதி இல்லை. மலை வளைவில் வேகமாக நுழைந்து, பாதியில் பயந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தீர்களானால் வண்டியின் பின்புறம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் காற்றில் திரும்பிய குடைக்கம்பி மாதிரி உள்ளே மடங்கும், வால் வீசிக்கொண்டு போகும். 1970-இல் வந்த நான்காம் வகை ஸ்பிட்ஃபயரில்தான் இதைச் சரிசெய்தார்கள். வைத்தியம் எளிது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, கியரைக் குறைத்து, வளைவு முழுக்க ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால் வைத்தபடியே வெளியே வாருங்கள். அத்திமூர் ஏற்றத்தில் இதை ஒழுங்காகச் செய்யப் பழகிவிட்டால் கிடைக்கும் சந்தோஷத்தை எந்தப் புது வண்டியும் தராது, அதில் இதையெல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் பிரேக் இருக்காது. முன் சக்கரத்துக் கீழ் ட்ரனியனுக்குப் பல மெக்கானிக்குகள் மற்ற வண்டிகளைப் போலவே கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். அதற்கு 90 ஆயில்தான் விட வேண்டும். காய்ந்துபோனால் முறியும், முறிந்தால் சக்கரம் படுத்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோலைப் பற்றி எல்லாரும் புலம்புகிறோம். இப்போது நாடு முழுக்கக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்பு டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் இதில் ஊறி இளகுகின்றன. எத்தனால் தண்ணீரை இழுப்பதால் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியின் டேங்கில் துரு பிடிக்கிறது. எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போடச் சொல்லுங்கள். மிக முக்கியமாக, நிறுத்திவைக்காமல் ஓட்டுங்கள். ஏற்றத்தில் வெயில் ஏறிய பிறகு வண்டி இருமி இருமி நின்றால் பதறாதீர்கள். பெட்ரோல் ஆவியாகி லாக் ஆகியிருக்கும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, ஒரு பீடி குடிக்கிற நேரம் காத்திருந்தால் போதும் என்பார் எங்கள் ஊர் மெக்கானிக். நீங்கள் பீடிக்குப் பதில் வேறு ஏதாவது செய்துகொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு பாயிண்ட் செட், ஒரு கண்டென்சர், ஒரு ஃபேன் பெல்ட் டிக்கியில் இருக்கட்டும்.

இன்னொன்று, இது கொஞ்சம் வாக்குவாதத்துக்குரியது. 2021 ஜூலையில் மத்திய அரசு 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் கெடாத வாகனங்களுக்குத் தனிப் பதிவுமுறை கொண்டுவந்தது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பெருமையாக இருக்கிறது என்று உங்களில் பலர் அதற்கு மாறிக்கொண்டிருக்கிறீர்கள். விதியைப் படித்தீர்களா? அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, ஆராய்ச்சி, பழங்கால வாகன அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். மாசிக் காலையில் ஜவ்வாது மலைக்குப் போக ஆசையாக இருந்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பழைய பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது அலைச்சல்தான், செலவும் ஏறிவிட்டது. 15 ஆண்டு தாண்டிய காருக்கு 2022-இல் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். 2025-இல் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் ஓட்டுகிற எண்ணம் இருப்பவர் சாதாரணப் பதிவை விடக் கூடாது என்பது என் கட்சி. 50 ஆண்டு தாக்குப்பிடித்த வண்டியைப் பெட்ரோல் பங்க் வரை மட்டும் போய்வர அனுமதித்துவிட்டு அதற்குப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணாடி மாதிரித் துடைத்த கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. 2015 முதல் அந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். நீங்களும் வீட்டில் ஒன்று நடத்த வேண்டாம்.

கூட்டமாக வராதீர்கள். இரண்டு அல்லது மூன்று வண்டி போதும். பத்து வண்டி ஒன்றாக வந்தால் அது ஊர்வலம். முன்னால் போகிறவருக்கு மட்டும் சாலை, மற்றவர்களுக்கு முன் வண்டியின் புகை. மலைமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலை எட்டரைக்குச் சாலையில் நடந்து வருவார்கள். கையசைப்பார்கள், நிறுத்தினால் ஹாரன் அடித்துப் பார்க்கக் கேட்பார்கள். அடிக்க விடுங்கள். சோதனைச்சாவடியில் வனத்துறையினர் நிறுத்தினால் டிக்கியைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள். சந்தனமரம் இருந்த காடு, அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. டிரோன் வேண்டாம். குடிக்கிற எண்ணமிருந்தால் இந்தப் பக்கமே வேண்டாம்.

பௌர்ணமியையும் மகாசிவராத்திரியையும் காலண்டரில் பார்த்துத் தவிர்த்துவிட்டு, மாசியில் ஒரு செவ்வாயோ புதனோ தேர்ந்தெடுங்கள். ஆசிரமத்து வாசலில் நிறுத்த இடம் கிடைக்காது, ரமண நகர் உள்தெருக்களில் வீட்டுக்காரரைக் கேட்டு நிறுத்துங்கள். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது சோக்கைப் பிடித்து இழுத்து, தெருவையே எழுப்பிக்கொண்டு நிற்காதீர்கள். மெதுவாக உருட்டிக்கொண்டு செங்கம் சாலைக்கு வந்த பிறகு சூடேற்றலாம். மயில்கள் சாலையின் நடுவில் நிற்கும். பெட்ரோலைப் போளூரிலேயே நிரப்பிக்கொண்டு மலையேறுங்கள்.

அன்புடன்,
ஹெரால்டு வைத்திருக்கும் ரமண நகர்க்காரன்
திருவண்ணாமலை